சண்முகம் ஐயா வீட்டு அரச மரம்

1. கத்தரி பிடிக்க ஆளில்லை

நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் போன்சாய், வேறு யாரும் தொட மாட்டேன் என்று ஒதுக்கிய மரம். எங்கள் நர்சரி கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. ஒரு நாள் காலை ஒரு தட்டையான சாடியில் அரச மரம் ஒன்று வந்து இறங்கியது. கிளை வெட்ட வேண்டும், கம்பி சுற்ற வேண்டும். என்னோடு வேலை செய்த சிங்களவர் இருவரும் "போ கஹ" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அரச மரம் அவர்களுக்குப் போதி மரம், வெட்டினால் பாவம்.

நர்சரி உரிமையாளர் ஃபரீத் நானா தலையைச் சொறிந்தார்.

"எனக்கென்ன, நான் வெட்டுவேன். நாளைக்கு ஒருத்தன் பாத்துட்டு, நானா போ மரத்த வெட்டுறாருன்டு ஊரெல்லாம் சொன்னா என்ட யாவாரம் என்னாகும்? நீங்களே செய்ங்க விஜயா."

"ஏன், பாவம் எனக்கு மட்டும் ஒட்டாதா நானா?"

"நீங்க கும்புடுற மரம்தானே. நீங்க சொன்னா அது கேக்கும்."

என் அப்பா ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலையை மொட்டையடித்தால்தான் அடுத்த கொழுந்து வரும் என்பது தோட்டத்து லய வீடுகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தேன். அன்றிலிருந்து அந்த மரம் என் பொறுப்பு ஆனது.

மரம் கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த சண்முகம் ஐயாவுடையது. அவர் கடைச் சுவர் வெடிப்பில் முளைத்த கன்று அது. விட்டால் சுவரைப் பிளந்துவிடும், பிடுங்கி எறிந்தால் பக்கத்துக் கடைக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். ஐயா கல்லைக் கழற்றி, வேர் அறாமல் எடுத்துச் சாடியில் வைத்தார். பிள்ளை இல்லாத வீடு. மாதத்துக்கு ஒரு தடவை நான் அங்கே போய் மரத்தைப் பார்ப்பேன். நான் வெட்டும்போதெல்லாம் ஐயா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் கிளைய விட்டுரு, பாவம்" என்பார். விட்டுவிட்டு, அவர் டீ குடிக்க எழுந்து போனதும் வெட்டுவேன். அவருக்கும் அது தெரியும்.

அவருடைய மனைவி பார்வதி அம்மா அந்த மரத்தின் பக்கமே வரமாட்டார். "வீட்டுக்குள்ள அரச மரத்த வச்சிக்கிட்டு என்ன கூத்து இது" என்பதோடு சரி.

2. மஞ்சள் தண்ணீர்

ஐயாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் கண்டி பெரியாஸ்பத்திரியில் கட்டிலோடு ஆனார். அந்தச் சமயத்தில் நான் வீட்டுக்குப் போனபோது மரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இலைகள் வெளுத்துத் தொங்கின. மண்ணில் விரலை வைத்தால் சேறு. சாடியிலிருந்து புளித்த பால் நாற்றம் அடித்தது.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நோயாளிக்காகப் போதி மரத்துக்கு நீர் வார்த்துப் பூஜை செய்தால் சுகமாகும் என்று சொல்லியிருக்கிறார். பார்வதி அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, நம் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். காலையில் தண்ணீர், பிறகு பால், பிறகு மஞ்சள் தண்ணீர், மாலையில் மறுபடியும். விகாரையில் நிற்கிற பெரிய மரத்துக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. கையளவு மண்ணில் நிற்கிற மரம் என்ன செய்யும்? வேர் மூச்சு முட்டி அழுகும்.

"அம்மா, இதுக்குப் பால் ஊத்தக்கூடாது. தண்ணியும் மண்ணு காஞ்சாத்தான் ஊத்தணும்."

"ஊத்தாம எப்புடி விஜயா? அவரு வளத்தது. அவருக்காக வேற எந்த மரத்துக்கிட்ட போயி கேப்பேன்?"

"வேர் அழுகிருச்சும்மா. நர்சரிக்குக் கொண்டுபோயி வேர வெட்டணும். இலையயும் உருவணும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேர என்னமும் செய். இலைய மட்டும் உருவாத. இல விழுந்தா அவரு விழுந்துருவாரு. எனக்கு மனசுல அப்புடி ஒரு இது."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா வாசலில் நின்று, ஆட்டோ திரும்பும் வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சாடியிலிருந்து கழற்றிப் பார்த்தேன். வேரில் முக்கால்வாசி கறுத்துக் குழைந்திருந்தது. அதை வெட்டி எறிந்தால், மிச்ச வேரால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. மரம் நின்றபடியே காய்ந்துவிடும். இலையை உருவினால் பிழைக்க வழி உண்டு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். ஆனால் எனக்குக் கை வரவில்லை.

3. ஆஸ்பத்திரியில் கேட்ட உத்தரவு

வேரைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பகல் நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரம் ஐயாவுடையது, அவரையே கேட்டுவிடுவோம் என்பது என் கணக்கு. பார்வதி அம்மா அப்போதுதான் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். ஐயாவின் முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும், "மரம் எப்புடி?" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடந்ததைச் சொன்னேன். பால் ஊற்றிய கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரம் எடுத்தது.

"உருவிரு விஜயா."

"அம்மா வேணாங்குறாங்கய்யா."

"அவகிட்ட சொல்லாத." குரலைத் தாழ்த்தினார். "நான் இனி வீட்டுக்கு வரமாட்டேன். டொக்டர் சொல்லிட்டாரு. அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நான் போனப் பெறகு அவளுக்கு அந்த வீட்டுல ஏதாச்சும் உசுரோட இருக்கணும். மரத்தயாவது காப்பாத்திக் குடு."

திரும்பும்போது படிக்கட்டில் பார்வதி அம்மா எதிரே வந்தார். கையில் மருந்துப் பை. "மரம் எப்புடி இருக்கு?" என்று அவரும் அதையேதான் கேட்டார். "மருந்து போட்டிருக்கேம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்று மாலையே வேலையை முடித்தேன். கறுத்த வேரையெல்லாம் வெட்டினேன். ஆற்று மணலும் செங்கல் துண்டும் கரியும் கலந்து புதுச் சாடியில் நட்டேன். பிறகு இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் பால் கசிந்தது. குச்சியாக நின்ற மரத்தைப் பொலித்தீனால் மூடி, நிழலில் வைத்தேன்.

மரம் வீட்டில் இல்லாததால் பார்வதி அம்மா காலை தோறும் விகாரைக்குப் போய், அங்கே நின்ற போதி மரத்துக்கு நீர் வார்க்கத் தொடங்கினார். ஒரு காலையில் அவர் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஐயா ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். பக்கத்தில் யாரும் இல்லை.

4. துளிர்

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மா நர்சரிக்கு வந்தார். மரம் துளிர்த்திருந்தது. அரசின் இளந்துளிர் செம்பு நிறத்தில் மினுங்கும். பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என்ன புத்தியோ எனக்கு.

அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

"இதெல்லாம் புது இல. பழசெல்லாம் எங்க?"

நான் சாடியின் ஓரத்து மண்ணைத் துடைத்தேன்.

"எப்ப உருவுன? அவரு போறதுக்கு முன்னயா, பின்னயா?"

பொய் சொல்லியிருக்கலாம். பின்னாடி என்று ஒரு சொல் போதும். நான் உண்மையைச் சொன்னேன். என் மேல் பழி நிற்கக் கூடாது என்று, ஐயா உத்தரவு கொடுத்ததையும், அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னேன். அவர் கடைசியாக அம்மாவைத்தான் நினைத்தார் என்று கேட்டால் மனம் ஆறும் என்பது என் எண்ணம்.

அம்மா அழவில்லை. மரத்தையும் திட்டவில்லை. கதிரையில் உட்கார்ந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குந் தெரிஞ்சிருந்தா நான் காலையில கட்டில் பக்கத்துல இருந்திருப்பேனே விஜயா. எனக்கு மட்டுந்தானா மரத்தச் சுத்திக்கிட்டு இருக்க விதி?"

ஃபரீத் நானா பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. மரத்தை ஆட்டோவில் ஏற்றட்டுமா என்று நானா கேட்டதற்கு, "வேணாம், இங்கயே இருக்கட்டும்" என்றார். வீதியைக் கடந்து பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை.

மரம் நர்சரியில் நல்ல சுகத்தோடு இருக்கிறது. வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. இலையும் சிறுத்து அழகாக வருகிறது. யாருக்காக ஐயா அதைக் காப்பாற்றச் சொன்னாரோ அவருக்கு மட்டும் அது வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது நர்சரிக்கு வேலை பழக வருகிறவர்களுக்கு மண் கலவையையும் கம்பி சுற்றுவதையும் மற்றவர்களே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் ஒன்றுதான் சொல்கிறேன். மரம் யாருடையது என்று கேட்காதீர்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று கேளுங்கள். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஏன் வெட்டுகிறோம் என்று முழுக்கச் சொல்லிவிட்டு வெட்டுங்கள். வேண்டாம் என்று அழுதால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் அழுது முடிக்கும் வரை இருங்கள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மரம் ஒரு நாள் பொறுக்கும்.