ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

எங்கோ ஒரு புதுக் காய்ச்சல் கிளம்பியிருக்கிறதாம். எவ்வளவு பயப்பட வேண்டும் என்று ஆபீசில் ஆளுக்கு ஆள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வேப்பிலை ஞாபகம் வந்தது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

சின்ன வயதில் எனக்கு அம்மை வர வேண்டும் என்று ஆசை. வந்ததோ நாலு வயதுத் தம்பிக்கு. கேட்டில் வேப்பிலை கட்டினார்கள். அவன் உடம்பில் ஆத்தா இறங்கியிருக்கிறாள், யாரும் அதட்டக் கூடாது என்றார்கள். கையுறைத் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மா வேப்பங்கொத்தால் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். அவன் பாயில் சாய்ந்து இளநீர் குடித்த அழகு இருக்கிறதே! பக்கத்தில் போய்ப் போய் உட்கார்ந்தும் எனக்கு ஒட்டவில்லை.

மறு வருடம் புதுக் காய்ச்சல் ஒன்று வந்தது. நெஞ்சில் இறங்கி மூச்சை அடைக்கும் என்று டிவியில் சொன்னார்கள். லோரி ஓட்டும் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. “சளிக்காய்ச்சல்தான் லா, பேருதான் புதுசு” என்றார். அம்மா பயந்தாள். ஆனால் அவள் பயம் மொத்தமும் தம்பிக்கே போனது. தனி டம்ளர் அவனுக்கு, வெந்நீர் அவனுக்கு, பூப்போட்ட மாஸ்க்கும் அவனுக்கு. எனக்குக் கையைக் கழுவு என்ற கட்டளை மட்டும்தான். எனக்காகவும் கொஞ்சம் பயந்தால் என்ன என்று பொருமினேன்.

பள்ளி விடுமுறைக்கு மெர்போக் என்ற பக்கத்து ஊரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். விடுமுறை முடிந்து மாமா மோட்டாரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து எங்கள் ஊர் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுவந்தபோது எங்கள் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. கம்பியில் வேப்பிலை தொங்கியது. மறுபடியும் அவனுக்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். தம்பி அவள் கைலியைப் பிடித்திருந்தான். நான் கேட்டில் கை வைத்தேன்.

“தொடாத. மாமாகூடத் திரும்பிப் போ.”

“அவன் மட்டும் இருக்கான்ல” என்று அழுதேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தள்ளி நின்றே மாமாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மாமா மோட்டாரைத் திருப்பினார்.

தினமும் சாயங்காலம் அப்பா போன் அடிப்பார். மாமாவோடு நெடுநேரம் பேசுவார். கடைசியில்தான் அம்மா வருவாள்.

“இருமல் இருக்கா பாப்பா?”

இல்லை என்பேன். “ம்” என்பாள். போனை வைத்துவிடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. பின்னால் தம்பி சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்கும். நான் வந்து அவனுக்கு ஒட்டவைத்துவிடுவேனோ என்றுதான் விசாரிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அத்தை எனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அதையும் தட்டில் ஒதுக்கி வைத்தேன்.

நான் பெரியவளாகி வேலைக்கும் வந்த பிறகு அதே அத்தைதான் பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று காய்ச்சல் வந்திருந்தது அம்மாவுக்கு. அவளோடு ஒரே பாயில் படுத்த தம்பியை அதற்குமேல் யார் வீட்டுக்கும் அனுப்ப முடியவில்லை. காய்ச்சல் அண்டாமல் இருந்தது நான் ஒருத்திதான். என்னையாவது காப்பாற்ற வேண்டும் என்று அம்மா அப்பாவிடம் சண்டை போட்டுக் கேட்டைப் பூட்ட வைத்தாளாம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்குமாம். அதனால் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் கிடப்பாளாம், சாயங்காலம் அப்பா போன் அடிக்கும்வரை.

அப்போது இது எதுவும் தெரியாமல்தான், வேப்பிலை காய்ந்து உதிர்ந்த பிறகு ஒரு நாள் நான் வீடு திரும்பினேன். கேட்டைத் திறக்க அம்மாவே வந்தாள். அந்தச் சின்ன வாசலைக் கடப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். தம்பியாக இருந்தால் ஓடி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அதையேதான் கேட்டாள்.

“இருமல் இருக்கா பாப்பா?”

நான் பதில் சொல்லாமல் அவளைத் தாண்டி உள்ளே போனேன்.