கருங்கல்லில் இறங்கிய வானம்

எண்பதுகளின் கடைசியில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு கிரானைட் தொழிற்சாலையில் நான் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெண்ணாக இருந்தாலும் வேலையின் பெயர் அதுதான். எங்களுக்கு வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கல்லறைக் கற்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், நான் பார்த்தறியாத மனிதர்களின் பெயர்களை டிரேசிங் தாளில் எழுத்து எழுத்தாக வரைந்து கொடுப்பேன். அவை கல்லில் ஏறி, பெட்டிக்குள் வைக்கோலில் படுத்து, துறைமுகத்துக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். சிற்பம் படித்தவர். நாற்பது வயதிருக்கும். நீளமான துணிப்பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் மேசைமேல் விரித்தார். வட்டம் ஒன்று. அதற்குள் முழுக்கப் புள்ளிகள்.

"இது வானம்" என்றார். கன்னடம் தோய்ந்த தமிழ். "தை மாசத்து வானம். ஒரு காலேஜ் முற்றத்துல தரையில பதிக்கணும். உங்க கறுப்புக் கல்லுல."

நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் கல்லில் துளையிட்டு, பித்தளைக் கம்பியை இறக்கி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிட வேண்டும். பிரகாசமானவற்றுக்குத் தடித்த கம்பி, மங்கலானவற்றுக்கு ஊசி போன்ற கம்பி. அவருடைய சிறிய வரைபடத்தை நான் கல்லின் அளவுக்குப் பெரிதாக்கித் தர வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குப் பகலெல்லாம் நட்சத்திர வேலை. வெளியே கல் அறுக்கும் இரைச்சல், ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி. நான் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு அளந்துகொண்டே போவேன். கார்த்திகைக் கூட்டத்தைத் தாண்டி ரோகிணிக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும். சாப்பிட்டுத் திரும்பினால் நான் விட்ட இடத்திலேயே ரோகிணி காத்திருக்கும்.

வரைந்து முடித்து, திசைகளைக் குறிக்கப் போனபோதுதான் கை நின்றது. கட்டட வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு வலப்பக்கம் வரும். இதில் கிழக்கு இடப்பக்கம் இருந்தது. அடுத்த முறை அந்த அம்மாள் வந்ததும் கேட்டேன்.

"மேடம், கிழக்கும் மேற்கும் மாறியிருக்கே?"

"மாறலை. வானப் படம் அப்படித்தான் இருக்கும். அதைத் தலைக்கு மேல பிடிச்சுப் பார்க்கணும். வாங்க, காட்டுறேன்."

இருவரும் அந்தப் பெரிய தாளை முற்றத்துக்குத் தூக்கிப் போனோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினோம். தாள் வழியே வெயில் பால்போல வடிந்தது. பட்டப்பகலில், வெள்ளை வானத்தில் கறுப்பு நட்சத்திரங்கள். காற்றடித்தபோது வானமே மூச்சு விடுவதுபோல மேலும் கீழும் அசைந்தது. கிழக்கு சரியாகக் கிழக்கில் நின்றது. கை வலித்தும் இறக்க மனமில்லாமல் நின்றோம்.

பிறகு அப்படியே கீழிறக்கித் தரையில் வைத்தோம். கிழக்கு இன்னும் கிழக்கில்தான். ஆனால் இப்போது நாங்கள் பார்த்தது தாளின் முதுகை. இடப்பக்கம் இருக்க வேண்டிய திருவாதிரை வலப்பக்கம் போயிருந்தது. தாளைத் திருப்பிப் போட்டோம். உருவங்கள் சரியாயின, திசைகள் புரண்டுவிட்டன.

அந்த அம்மாள் தாளருகே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தனை மாசமா வரைஞ்சேன். தரையில போட்டா இப்படி ஆகும்ங்கறது தோணவே இல்ல பாருங்க."

எது சரியென்று யோசித்துவிட்டு வருகிறேன் என்று அவர் பஸ் ஏறினார்.

அடுத்த சில நாள்கள் எனக்கு வேறெதிலும் புத்தி போகவில்லை. கல்லறைப் பெயர்களைக்கூட இரண்டு முறை அழித்து எழுதினேன். வானத்துக்கான கல் மட்டும் பாலிஷ் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் அதைப் பார்க்கப் போனேன். மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கல்மேல் தண்ணீர் தேங்கி, அசைவில்லாமல் கிடந்தது. குனிந்தேன். கல்லுக்குள் வெகு ஆழத்தில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. மேலே ஒரு பருந்து ஓசூர்ப் பக்கமிருந்து கிருஷ்ணகிரிப் பக்கமாகப் பறந்தது. கல்லுக்குள் இருந்த பருந்தும் அதே பக்கம்தான் போனது.

தாளின் முதுகில் நாங்கள் பார்த்த வானமும் இப்படித்தான் திசை மாறாமல் கிடந்தது. அலுவலகத்துக்கு ஓடி, பெங்களூருக்குப் போன் போட்டேன். "நீங்க நேர்ல வந்து பாருங்க மேடம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மறுநாளே வந்துவிட்டார். கல்லின் ஓரத்தில் வெகுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"வானத்தை வரைய வேண்டாம். தண்ணியில விழுந்த வானத்தை வரைவோம். திசை அப்படியே இருக்கட்டும். மேல மெல்லிசாத் தண்ணி நிக்கற மாதிரி ஓரம் கட்டிடலாம்."

முதலாளிதான் தயங்கினார். "துளை போட்டுட்டா திருப்ப முடியாதும்மா. நாளைக்கு எந்த வாத்தியாராவது வந்து தலைகீழா இருக்குதுன்னு சொன்னா?"

"அவரையும் குனிஞ்சு பார்க்கச் சொல்றேன்" என்றார் அந்த அம்மாள்.

துளையிட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அதுவரை கல்லறைக் கற்களுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தவர். திருவாதிரையைத் தொடும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது செவப்பா இருக்கும்ல? இதுக்கும் பித்தளையேவா?"

அந்த அம்மாளிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே செம்புக் கம்பி வாங்கிவரச் சொன்னார். பித்தளைக்கு நடுவே ஒரே ஒரு செம்புப் புள்ளி. தேய்த்து முடித்ததும் அது கனல்போல இருந்தது.

கல் நாலு துண்டுகளாக லாரியில் கர்நாடக எல்லை தாண்டிப் போனது. பதிக்கும்போது நானும் போயிருந்தேன். கொத்தனார்கள் இணைப்புகளை அடைத்து, ஓரம் கட்டி முடித்தார்கள். சாயங்காலம் முதன்முதலாகத் தண்ணீர் விட்டார்கள். அலை அடங்கக் காத்திருந்தோம். வகுப்பு முடிந்து போன மாணவர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். முதலாளி பயந்தபடியே ஒரு பேராசிரியரும் வந்தார். வட்டத்தைச் சுற்றி நடந்து, "எல்லாம் இடம் வலமா இருக்கே" என்றார். அந்த அம்மாள் தண்ணீரைக் காட்டினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குனிந்தபடியே வட்டத்தை இன்னொரு முறை சுற்றி வந்தார்.

வெளிச்சம் மங்க மங்க, பித்தளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கல் முழுக்கக் கறுப்பானது. அப்போது நடுவில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நான் வரையாத இடம். பாய் துளையிடாத இடம்.

"இது யாரு வச்சது?" என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்தார்.

நிமிர்ந்து பார்த்தோம். மேற்கே, கட்டடத்துக்கு மேலே, வெள்ளி முளைத்திருந்தது. கல்லில் கொஞ்ச நேரம் எங்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆளுக்கு ஓரடி தள்ளித் தள்ளி நின்று, அது மறையும்வரை அதன் பின்னாலேயே போனோம்.