வசனம் கேட்காத தியேட்டர்

விஜயம் டீச்சருக்குக் கோபம் வந்தால் கோட்டைக்குள் அவள் குடியிருக்கும் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்தி வகுப்பில் கடைசி பெஞ்சு வரை போன குரல். டீச்சர் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை. ஆனால் வீட்டில் அந்தக் குரலுக்கே பதில் வராமல் போயிற்று.

கணவர் பிச்சுமணியின் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவர் மேஜையைச் சுற்றி எப்போதும் ஒரு சிரிப்புக் கூட்டம் நிற்கும். அப்பேர்ப்பட்டவர் இப்போது யார் பேசினாலும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். மகள் மீரா பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். காது மெஷின் வாங்க விஜயம் எத்தனை கெஞ்சினாள், எத்தனை இரவு அழுதாள்! கடைசியில் வாங்கச் சம்மதித்தவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு சினிமாவுக்குப் போலாம். வசனம் புரிஞ்சா மெஷினைப் போட்டுக்கறேன். புரியலைன்னா திருப்பிக் கொடுத்துடணும். அப்பறம் இதைப் பத்தி மூச்சு விடப்படாது."

அதனால்தான் விஜயம் அந்தத் தமிழ்ப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு சம்பந்திகள் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்ளும் குடும்பக் காமெடி. படம் முழுக்கப் பேச்சுதான் என்று மீரா சொல்லியிருந்தாள்.

விளக்கணைந்தது. பக்கச் சுவர்களிலிருந்து மேளம் காதைப் பிளந்தது. பாத்திரம் உருண்டது, குக்கர் விசில் அடித்தது. சம்பந்திகள் வாயைத் திறந்தார்கள். குரல் மட்டும் மூடிய கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முனகியது. படமும் கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் மங்கல்.

"நோக்குக் கேக்கறதா?" என்றார் பிச்சுமணி.

அவள் வாயைத் திறப்பதற்குள் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். பிச்சுமணியின் முகம் விழுந்துவிட்டது. மெஷினைக் காதிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எல்லாரும் சிரிக்கறா, விஜயம். நேக்கு மட்டுந்தான் கேக்கலை. போறும்."

அந்தப் 'போறும்' அவள் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. கலங்கிய கண்ணோடு திரையைப் பார்த்தவள் ஒன்றைக் கவனித்தாள். சம்பந்தி பேசி முடிப்பதற்கு முன்பே அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள்! அவர்களுடைய கண்ணெல்லாம் திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தில். மலையாளம் பேசும் இந்த ஊரில் தமிழ்ப் படத்துக்கு அது வழக்கம்தான். சிரித்த கூட்டம் எதையும் கேட்டுச் சிரிக்கவில்லை, படித்துச் சிரித்தது!

கணவரின் காதருகே குனிந்து அதைச் சொன்னாள். "சமாதானம் சொல்லாதே" என்று அவர் கையை உதறினார்.

விஜயம் விடுவிடுவென்று வெளியே போனாள். மேனேஜர் பத்மகுமார் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"வசனம் ஒண்ணும் கேக்கலை, சார்."

"ஃபுல் வால்யூம் ஆணல்லோ, ஆன்ட்டி. இதுவரை ஆரும் கம்ப்ளெயின்ட் பறஞ்ஞில்ல. உள்ளே ஆளுகள் சிரிக்கறது கேக்கலையா?"

"சிரிக்கறது கேக்கறது. படம் பேசறதுதான் கேக்கலை!"

அவர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். குரலில் கருணை சொட்டியது. "பிராயம் ஆச்சில்லே, ஆன்ட்டி. செவியை ஒரு டாக்டர்கிட்ட காமிச்சுப் பாருங்க."

விஜயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் காதைக் காட்டணுமா? வாரும் உள்ளே! யார் காது கெட்டிருக்குன்னு பாத்துடலாம்!"

சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே கொண்டுபோனாள். முன்வரிசையில் சிரித்த பெண்ணிடம், "மோளே, உன் பேரென்ன? அவா பேசினது உன் காதில விழுந்துதா?" என்றாள்.

"ஷாலு. எவிடெ, ஆன்ட்டி! ஒரு அட்சரம் கேக்கல்ல. ஞங்ஙள் சப்டைட்டில் வாயிச்சுச் சிரிச்சோம்."

விஜயம் திரும்பினாள். கடைசி பெஞ்சு வரை போகும் அதே குரலில் கத்தினாள். "ஏன்னா! மெஷினை எடுத்துக் காதில மாட்டிக்கோங்கோ! இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்கோ!"

தியேட்டர் முழுவதும் திரும்பியது. அவர் தன் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லாமல் மறைத்த ரகசியம்! பிச்சுமணி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் மாட்டிக்கொண்டார். ஷாலு மறுபடியும் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஞானும் என் செவிதான் போச்சுன்னு நெனச்சேன்!" என்று கூவினார்.

பத்மகுமார் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "திரைக்குப் பின்னாலே நடு ஸ்பீக்கர் கேடாச்சு. வசனம் அதிலேதான் வரும். ஒரு ஆழ்ச்சயாயி. நாளைக்கு ஆள் வரும்."

பிச்சுமணி எழுந்தார். எத்தனையோ மாதமாக வெளியார் யாரிடமும் வாயைத் திறக்காத மனிதர்.

"ஒரு வாரமாவா? ஒரு வாரமா ஊமைப் படத்தைக் காட்டி, வந்தவாளைச் செவிடுன்னு நம்ப வெச்சிருக்கீர்! நான் இந்த மெஷினைத் திருப்பிக் கொடுக்க இருந்தேன், தெரியுமா உமக்கு?"

"வேற ஷோவுக்குப் பாஸ் தரேன், சார்..."

"பாஸை நீரே வெச்சுக்கும்! ஸ்பீக்கரைச் சரி பண்ணும். நான் வந்து ஒவ்வொரு வசனமும் கேப்பேன்!"

ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். பழவங்காடியைத் தாண்டியதும் பிச்சுமணி வெடித்தார். "ஊர் கேக்க மெஷின், மெஷின்னு கத்தணுமா? என் மானத்தை வாங்கிட்டியே!"

விஜயம் வெளியே பார்த்தபடி, "பாவி, மனுஷனைத் துடிக்க வெச்சுட்டான்" என்று வாய்க்குள் முனகினாள்.

"யாரைப் பாவிங்கறே? என்னையா?"

ஆட்டோ இரைச்சலிலும் அது அவர் காதில் விழுந்திருந்தது. விஜயம் சட்டென்று திரும்பி அவர் காதைப் பார்த்தாள். ஆனால் கோபம் அடங்கவில்லை.

"அந்த மேனேஜரைச் சொன்னேன். உங்களைச் சொல்லணும்னா சத்தமாவே சொல்லுவேன்!"

"சொல்லேன் பாப்போம்!" என்றார் பிச்சுமணி, மெஷினை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு.