பிரம்மநாயகம் பேரில் ஓடிய மீட்டர்

பெயர்தான் பூலோகம். இந்தப் பூமியில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது செம்பூர் சாலில் ஒரே ஒரு கோலி. சால் என்றால் எங்கள் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், கோலி என்றால் அதில் ஒற்றை அறை வீடு. அது அவன் அப்பா பிரம்மநாயகம் அண்ணாச்சி போட்டது. நான் எதிர்க்கோலி பார்வதியம்மாள், இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எனக்கு வாய் அதிகம் என்று சால் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாத அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடந்ததை வாயுள்ளவள்தானே சொல்ல வேண்டும்.

பூலோகம் பாதி ஆயுள் அடுத்தவன் டாக்ஸியை ஓட்டினான். போன வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கி டாக்ஸியாக விட்டான். வரிசையில் அவன் கோலிதான் முதல், ரோட்டைப் பார்த்தது. வாசலிலேயே கார் நிற்கும். "சுவத்துல ஒரு சார்ஜர மாட்டிட்டா பெட்ரோல் பங்கே ஒங்க வீட்டுலதான்" என்று கார் விற்றவன் ஆசை காட்டிவிட்டான். விற்கிறவன் வாயில் எல்லாமே சுலபம்.

சார்ஜர் இல்லாதவரை பெரிய மாலின் அடித்தளத்துக்குப் போய் ராத்திரி வரிசையில் நிற்பான். அங்கே ரேட்டும் அதிகம். முன்னால் நாலு கார் நிற்கும். விடிகிற நேரம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுபடியும் சவாரிக்கு ஓடுவான். அவன் பெண்டாட்டி கோகிலவாணி என் வாசலில் மாவு வாங்க நிற்கும்போது, "காடிக்கு சார்ஜ் ஏறுது அக்கா, மனுசனுக்கு எறங்குது" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். கண் சிரிக்காது.

சார்ஜரில் இரண்டு வகை என்றான் பூலோகம். சின்னது சாதாரண பிளக்கில் சொருகுவது. பெரியது சுவரில் பதிக்கிற பெட்டி. சின்னதுதான் மலிவு என்று அதை முதலில் கொண்டுவந்தான். சொருகிய அன்றைக்கே வரிசை முழுக்க இருட்டு. என் கிரைண்டர் பாதி உளுந்தோடு நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"ஏலே பூலோகம், ஒன் காடி வயித்த நெரப்ப எங்க உளுந்து புளிச்சு நாறணுமாலே?"

"தப்புதான் அக்கா. லைன் தாங்காதுன்னு தெரியல."

அவன் அப்படித்தான். நாலு வார்த்தை எதிர்த்துப் பேசினால் சண்டையாவது போடலாம். தலையைத் தொங்கப்போட்டால் என்ன செய்வது.

பெரிய பெட்டி வைத்தால் கரண்ட் கம்பெனியே தடிமனான வயரும் புது மீட்டரும் தரும், காருக்கென்று தனி ரேட், ராத்திரியில் ஏற்றினால் அதிலும் குறைப்பு, பெட்டி விலையிலும் தள்ளுபடி என்று விசாரித்துக்கொண்டு வந்தான். அதற்கு ரிபேட் என்று பெயராம். கோகிலவாணி அதை "ரிப்பீட்டு, ரிப்பீட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். "ஏட்டி, திரும்பத் திரும்பத் தருவானாக்கும்?" என்று நான் கிண்டல் செய்தேன். பெட்டியிலும் அவனுக்கு ரோசனை ஓடியது. ஒன்று இரும்புக் கூடு போட்டது, மழைக்கு அசையாது. இன்னொன்று போனோடு பேசுகிறது, கூடு வெறும் பிளாஸ்டிக். கம்பெனி தருகிற தள்ளுபடியோ போனோடு பேசுகிற பெட்டிக்கு மட்டும்தான், எந்த நேரத்தில் ஏற்றுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். இரும்பில் மனசும் தள்ளுபடியில் கண்ணுமாக மழைக்காலம் பூராவும் அலைந்தான். கடைசியில் பேசுகிற பெட்டிதான் என்று முடிவானது.

ஆனால் கம்பெனி ஆபீஸில் கேட்ட முதல் கேள்வியே வேறு. மீட்டர் யார் பெயரில்? செத்துப்போன பிரம்மநாயகம் அண்ணாச்சி பெயரில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சாலில் ஆள் செத்தால் பதினாறு கும்பிடுவோம், மொட்டை போடுவோம், ஆனால் லைட் பில்லில் பெயரை மட்டும் மாற்ற மாட்டோம். என்றைக்காவது பில்டர் வந்து கோலிகளை இடித்துக் கட்டிடம் கட்டினால், பழைய தேதியில் கரண்ட் வாங்கினவனுக்குத்தான் அதில் வீடு. அப்படித் தகுதியானவனை மராத்தியில் பாத்ர என்பார்கள், தகுதியில்லாதவனை அபாத்ர. எங்கள் வாயில் அது பாத்திரம் ஆகிவிட்டது. "ஒங்க கோலி பாத்திரமா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்போம். பழைய ரசீதெல்லாம் வெள்ள வருஷத்தில் தண்ணீரோடு போயிற்று. ரேஷன் கார்டையாவது பிரம்மநாயகம் அண்ணாச்சி இங்கே எடுத்திருக்கலாம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று அதை ஊரிலேயே விட்டுவைத்தார். ஆக, அவர் பெயரில் மாதாமாதம் வருகிற லைட் பில்லும், அதில் அச்சாகிற அந்தப் பழைய தேதியும்தான் அந்தக் கோலிக்கு உயிர்.

புதுப் பெட்டி வேண்டுமானால் பழைய கனெக்ஷனை மூடிவிட்டு உயிரோடிருக்கிறவர் பெயரில் புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு கோலிக்கு இரண்டு மீட்டர் கிடையாது. "பேர்தான் மாறுது அங்கிள், அட்ரஸ் அதேதானே" என்று கவுண்ட்டர்ப் பெண் இந்தியில் சொன்னாளாம். அவள் பார்வையில் அது சரிதான். அவள் சாலில் இருக்கிறவளா என்ன.

"தம்பி, செத்தவரு பேர எழுப்பாத. அவரு பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று நான் சொன்னேன்.

கோகிலவாணியும் ஒரே பிடியாக நின்றாள். "மாமா பேரு இருக்கட்டும். காடி இன்னைக்கி வரும், நாளைக்கிப் போகும். கோலி போச்சுன்னா போனதுதான்." பூலோகம் மறுபடியும் மாலின் அடித்தளத்துக்கே போனான்.

ஐப்பசி வாக்கில் ஒரு காலையில், சவாரியை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டான். கார் டிவைடரில் ஏறி நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒரு வீக்கம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்து தூங்கினான். கோகிலவாணி பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் மூக்கில் மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்ததும் என் முன்னால்தான் சொன்னாள்.

"பேர மாத்திருங்க."

"ஏளா, அது அப்பா பேரு."

"மாமா இருந்தா அவரே மாத்தச் சொல்லுவாரு. மனுசன் போனபெறவு கோலிய வச்சு நான் என்ன செய்ய?"

எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்வாள்.

பெட்டி வந்தது, மாட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கோகிலவாணி அதற்கு மஞ்சள் வைத்தாள். ராத்திரிக் குறைப்பு நேரத்தில் காரைச் சொருகிவிட்டு பூலோகம் தன் பாயில் படுத்தான். அந்தக் கொஞ்ச நாளில் அவன் முகத்தில் சதை பிடித்தது. முதல் பில்லில் அவன் பெயர் வந்ததும் எல்லோரிடமும் காட்டினான். தொகை குறைந்ததைவிடப் பெயர் வந்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

தை பிறந்தும் பிறக்காமலும் பில்டரின் சர்வே ஆட்கள் வந்துவிட்டார்கள். வருகிறார்கள் வருகிறார்கள் என்று இருபது வருஷமாகக் கேட்டவர்கள் நாங்கள். இவன் பெயரை மாற்றிய பிறகுதானா அவர்களுக்கு வழி தெரிந்தது? எரிகிறது எனக்கு. கோலி கோலியாக மீட்டர் நம்பரை போனில் தட்டிப் பார்த்தார்கள். பூலோகம் வாசலுக்கு வந்ததும் சர்வேக்காரன் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான்.

"இது புது கனெக்ஷன்."

"பேரு மட்டும்தான் சார் புதுசு. கோலி எங்கப்பா போட்டது."

"அப்பா பேர்ல மீட்டர் எங்கே?"

"மூடியாச்சு சார்."

சர்வேக்காரன் நல்லவன்தான். பழைய ரெக்கார்டு வாங்கிவந்தால் பார்க்கலாம் என்றான். கம்பெனி ஆபீஸுக்கு பூலோகம் நடந்த நடைக்கு அவன் செருப்பைக் கேட்க வேண்டும். மூடிய கனெக்ஷன் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, அது வேறு ஆபீஸ் என்றார்கள். வேறு ஆபீஸில், மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே என்றார்கள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மாசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் மாமியார் பெயர் இருந்தது. மூன்றாம் கோலியில் மாரடைப்பில் போனாரே, அவர் பெயர் இருந்தது. செத்தவர்கள் எல்லோரும் பாத்திரம். பூலோகம் பெயருக்கு நேரே அபாத்ர. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இவர்கள் எந்தப் பாத்திரத்தை அறிந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். யாரை ஏசினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எங்களுக்கெல்லாம் கட்டிடம் எழும்பும்வரை வாடகை கொடுத்தார்கள். பூலோகம் வீட்டுக்குக் காலி செய்ய நாள் மட்டும் கொடுத்தார்கள். அம்பர்நாத்தில் ஒரு மாடி அறை பிடித்தான் பூலோகம். சார்ஜர் பேச்சை எடுத்ததுமே வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். கார் வந்த விலைக்குப் போய்விட்டது. இப்போது மறுபடியும் அடுத்தவன் டாக்ஸி, அங்கிருந்து ரயிலில் வந்து எடுக்கிறான்.

சாமான் ஏற்றுகிற அன்றைக்கு கோகிலவாணிக்கு ஒரு வாளி மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பூலோகம் வெளியே டெம்போவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அழாதட்டி. ஒன்னைய யாரும் குத்தம் சொல்லல" என்றேன்.

"அதான் அக்கா. நான்தானே மாத்தச் சொன்னேன். பட்டியல் ஒட்டுன நாள்லருந்து அவரு ஒரு வார்த்தை கேக்கல. சோறு போட்டா நல்லாருக்குங்காரு. ராத்திரி நான் முழிச்சிருக்கேனான்னு பாத்துட்டு, தூங்குத மாதிரி படுத்துக்கிடுதாரு" என்றாள். "ஒரு தடவ ஏசிட்டாருன்னா ரெண்டு பேரும் தூங்கிருவோம்."