மகளுக்கு ஊதிய விசில்

யட்டவத்த பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் இஞ்ஞாசி, சனி ஞாயிறுகளில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கூடைப்பந்து நடுவராகிவிடுவார். அவருக்கென்று வாய்த்த எதிர்க்கட்சி ஃபோன் கடை றிஸ்வான். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களைக் கடையில் போட்டு வைத்துக்கொண்டு இஞ்ஞாசியைச் சீண்டுவார்.

"பந்தத் தட்டாம கையில வச்சுக்கிட்டே நடக்கிறான் சேர். இது ட்ராவலிங் இல்லையா? பெரிய ஆட்டக்காரன்னா உங்க ஆளுங்களுக்குக் கண்ணு தெரியாது."

"சிலத விட்டுர்றாங்கதான், இல்லேங்கல. ஆனா ஓட்டத்துல பந்தப் பிடிக்கிற நேரம் தரையில இருக்கிற கால் கணக்கில்ல. அதுக்கப்புறம் ரெண்டு எட்டு வைக்கலாம்" என்பார் இஞ்ஞாசி. இந்த வழக்கு வருஷக்கணக்காக ஓடியது.

போன ஓகஸ்டில் மாத்தளையில் பெண்கள் கழக இறுதியாட்டம். இஞ்ஞாசியின் மகள் ஷெரோமி ஆடினாள். சொந்தப் பிள்ளை ஆடும்போது அவர் விசில் தொடுவதில்லை. அன்று பார்த்து, வரவேண்டிய நடுவரின் மோட்டார் சைக்கிள் ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் பழுதாகி நின்றுபோனது. எதிரணிக்காரர்களே, "இஞ்ஞாசி சேர்னா எங்களுக்குச் சரி" என்றார்கள். அந்தச் சொல் அவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஷெரோமியைப் பார்க்கவென்றே கொழும்புக் கம்பனி அணியின் பயிற்சியாளர் வந்திருந்தார். பிடித்துப்போனால் அணியில் இடம், கூடவே வேலை.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஷெரோமியின் அணிக்கு ஒரு புள்ளிதான் குறை. ஷெரோமி பந்தோடு பாய்ந்து கூடைக்குள் போட்டாள். இஞ்ஞாசி விசில் ஊதி, மார்புக்கு முன்னால் இரு கைகளையும் உருட்டிக் காட்டினார். ட்ராவலிங். அந்தக் கூடை செல்லாமல் போனது, அணியும் தோற்றது. நெருக்கடியில் கால் தடுமாறுகிற பெண் வேண்டாமென்று கொழும்புக்காரர் வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்.

ஊர் மெச்சியது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், "சொந்த மகளுக்கே ஊதின மனுஷன்" என்று கை குலுக்கினார்கள். பொய் சொல்வானேன், அவருக்கும் அது இனித்தது.

மறுநாள் றிஸ்வான் அவரைக் கடைக்குள் கூப்பிட்டு, ஆட்டத்தன்று தான் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட விட்டார். சீண்டவில்லை. பந்து கைக்கு வரும்போது ஷெரோமியின் இடக்கால் தரையில் இருந்தது. அதன்பின் இரண்டே எட்டு. சுத்தமான கூடை.

"யாருக்கும் காட்டல்ல சேர். அழிச்சிடவா?"

"வேணாம். எனக்கு அனுப்புங்க."

வீட்டில் ஷெரோமி பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனை நீட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் டாடி."

"அப்ப அங்கயே ஏன் சொல்லல்ல?"

"சொன்னா தகப்பனும் மகளும் சேர்ந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க. உங்க பேர்தான் கெடும்." கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "வேற வீட்டுப் பிள்ளை அப்படிப் போட்டிருந்தா ஊதியிருப்பீங்களா?"

கண் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க இடமிருந்தது. நடுவர்களுக்கு வழக்கமான பதில்தான்.

"ஊதியிருக்க மாட்டேன்" என்றார் இஞ்ஞாசி.

ஷெரோமி அடுப்பை அணைத்தாள். தோற்ற அன்றுகூட அழாதவள், அப்போதுதான் அழுதாள்.