பெரியம்மாவின் மூன்று கசெட்டுகள்

எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் என்றால் அது பெரியம்மாவின் மூன்று வீடியோக் கசெட்டுகளிலிருந்துதான் வரும். நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தபோது, குளிர்கோட்டு வாங்கப் போனவர் கோட்டை மறந்துவிட்டு அவற்றோடு வந்து சேர்ந்தார். எல்லாம் முந்தைய காலத்து இங்கிலாந்து நகைச்சுவைத் தொடர்கள். ஊரே டிவிடிக்கு மாறிவிட்ட பிறகு கசெட் வாங்கி வந்த தமக்கையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

பெரியம்மா எங்களிடம் வருமுன் ஆறு வருடம் லண்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பராமரித்தவர். கிழவி மாலையானால் இந்தத் தொடர்களைத்தான் பார்ப்பாராம். ஆங்கிலத்தையும், தேநீர்க் கோப்பையில் முதலில் பாலை ஊற்றுவதையும் பெரியம்மா அங்கேதான் பழகினார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் பக்கத்தில் போய் இருப்பேன். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ். அந்த ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். கதவு தட்டப்படும், வரக்கூடாத ஆள் வந்து நிற்பார், வீட்டுக்காரர் அலமாரிக்குள் ஒளிவார். திரைக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியாத சனம் கொல்லென்று சிரிக்கும். பெரியம்மா அவர்களுக்கு ஒரு கணம் முந்தியே சிரித்துவிடுவார். பிறகு எனக்குத் தமிழில் விளக்குவார். விளக்கி முடிந்ததும் அதில் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது.

பார்த்ததையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுக்கை ஒருத்தரும் சாகமாட்டினம் பிள்ளை," என்றார்.

பெரியம்மாவுக்கு ஒரே மகன். எட்டு வயதில் வன்னியில் தகப்பனிடம் விட்டுவிட்டு, பிறகு கூப்பிடலாம் என்று வெளிக்கிட்டவர். தகப்பனும் செத்துப்போனார், அந்தப் 'பிறகு' மட்டும் வரவேயில்லை. நான் அந்த அண்ணாவைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். சண்டை முடிந்த அந்த வருடம், மாசி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தொலைபேசியும் இல்லை. வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைத்தோம். கசெட் மட்டும் தன் பாட்டில் ஓடிச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை செய்தி வந்தது. அகதி முகாமிலிருந்த ஒரு ஊர்க்காரர், கடற்கரையில் அண்ணா விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எந்த நாள் என்று அவருக்கு நினைவில்லை. அங்கே நாள் கணக்கு வைத்திருக்க எவராலும் முடியவில்லையாம். அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். பெரியம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானமே சனம் வரத் தொடங்கிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து நகரான லவாலிலிருந்து மாமி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். உடல் இல்லை, நாள் தெரியாது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று குசினிக்குள் எரியாத அடுப்பருகே நின்று ஆண்கள் மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரவேற்பறையில் வெள்ளைச் சேலையோடு நிலத்தில் இருந்தார்கள். அழவேண்டிய ஆள் இன்னும் வெளியே வராததால் எவரும் அழத் தொடங்கவில்லை.

பின்னேரம் கதவு திறந்தது. பெரியம்மா நேரே தொலைக்காட்சியிடம் போய், ஒரு கசெட்டைப் போட்டுவிட்டுத் தன் கதிரையில் இருந்தார்.

திரையில் கதவு தட்டப்பட்டது. கசெட்டுக்குள் இருந்த சனம் சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவுமில்லை.

"செத்தவீட்டிலை சிரிப்புப் படமோ?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் தாயும் அங்கே இருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க இந்தக் கதைதான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் என் கவலை அவ்வளவுதான்.

அம்மா போய்த் தோளைத் தொட்டார். "அக்கா, நிப்பாட்டுங்கோ. சனம் என்ன நினைக்கும். செத்தவீடெல்லோ."

"ஆரின்ரை செத்தவீடு?" என்று பெரியம்மா கேட்டார்.

மாமி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் சுவரோடு சுவராகப் போய், தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டேன்.

பாதிச் சிரிப்பில் அந்தச் சனம் நின்றுபோனது. கறுத்த கண்ணாடியில் வெள்ளைச் சேலைகள் வரிசையாகத் தெரிந்தன. பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, மேசை விரிப்பை இழுத்தெடுத்து, தொலைக்காட்சியைத் தன் கையாலேயே மூடினார். பிறகு நிலத்தில் இருந்தார். பெண்கள் நெருங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்கள். அன்று கேட்ட அந்த அழுகைச் சத்தத்தை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

"இண்டையிலையிருந்து எண்ணுவம்," என்று குசினி வாசலில் நின்று அப்பா சொன்னார். "வேறை என்ன செய்யிறது."

மாமி என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அம்மா விரிப்பை எடுத்துவிட்டு, பாவம், தானாகவே ஒரு கசெட்டைப் போட்டுவிட்டார். கதவு தட்டப்பட்டது, சனம் சிரித்தது. பெரியம்மா எழுந்து அறைக்குள் போய்விட்டார். நான் ஓடிப்போய், என்ன சொல்கிறார்கள் என்று விளக்கச் சொல்லிக் கேட்டேன். "எனக்கு ஒண்டும் விளங்காது பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கசெட்டுகளைத் தொடவேயில்லை.

அண்ணாவின் திதிக்கு இப்போதும் எல்லோரும் கூடுகிறோம். அவர் எந்த நாளில் செத்தார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. வருடாவருடம் நாங்கள் படைப்பது நான் வயரைப் பிடுங்கிய நாளில்தான்.