செருப்பு வார் பதிந்த கால்

நார்த்தாமலையில் கல்லுடைக்கும் சந்தனத்துக்கு நாற்பது வயதிலும் தீராத ஆசை ஒன்று இருந்தது: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாசில் ஒரு டீ. அவர் பிறந்த சாதிக்குக் கொட்டாங்குச்சிதான். அதுவும் வாசலில் நின்றபடி.

1957இல் கிணற்றுப் பாறை உடைக்கக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் ஊருக்குப் போனார். ஊர் எல்லையில் வழக்கம்போல டயர் செருப்பைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெரிய தெருவில் அவர் செருப்போடு நடந்தால் முதுகுத்தோல் உரியும்.

அந்த ஊரோ நடுங்கிக்கொண்டிருந்தது. புதுத் தாசில்தார் கந்தல் கட்டிக்கொண்டு கடை கடையாகப் புகுந்து, கொட்டாங்குச்சி வைத்திருப்பவனை ஜெயிலுக்கு அனுப்புகிறாராம். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் வந்து இரண்டு வருடமாகியும் அசையாதவர்களை ஒரு வதந்தி அசைத்துவிட்டது. ராசா மாறுவேடத்தில் வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நாடல்லவா!

டீக்கடை வெள்ளைச்சாமி, வருகிறவன் காலைத்தான் பார்ப்பார். கந்தலை எவனும் கட்டலாம், காலை மாற்ற முடியாது என்பது அவர் கணக்கு. வாசலில் வந்து நின்ற சந்தனத்தின் வெறுங்காலில், கல்தூசிக்கு நடுவே, வார் பதிந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. கக்கத்தில் வேறு ஒளித்துவைத்த செருப்பு! மாறுவேடத் தாசில்தாரேதான் என்று முடிவுகட்டினார்.

“உள்ள வந்து உக்காருங்கய்யா” என்று தோள்துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

“வேணாம் சாமி, இங்கிட்டே நிக்கிறேன். நான் கல்லு ஒடைக்கிறவன்.”

“பேச்சுகூட அச்சு அசலா இருக்கு. கையில காய்ப்பு வேறயா? எம்புட்டு நாளாப் பழகுனீங்க?”

“முப்பது வருசமா.”

“தாசில்தாருக்கு எப்பவும் தமாசுதான்.”

சந்தனத்துக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவன் பாடு என்று உட்கார்ந்தார். கிளாசில் டீ வந்தது. பாதி குடித்ததும் தைரியம் வந்தது. கூரையோரம் தொங்கியதைக் காட்டினார்.

“அது என்னங்க?”

“அடுப்பெரிக்க வச்சிருக்கேன்யா.” ஐந்து கொட்டாங்குச்சியும் அந்தக் கணமே அடுப்புக்குள் போயின.

சந்தனம் செருப்பை மாட்டிக்கொண்டு பெரிய தெரு வழியாகவே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுவாரம் மனைவி ராக்காயியோடு வந்தார். அதற்குள் வெள்ளைச்சாமிக்குச் சங்கதி தெரிந்துவிட்டது: தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்குவதே இல்லையாம். கடை நிறைய ஆள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலை மறித்தார்.

“நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சுடா.”

“அன்னைக்கே சொன்னேனே சாமி.”

ராக்காயி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: “ஏங்க, ஒங்களுக்குத் துண்டால பெஞ்சத் தொடச்சுவிட்டது...”

“ரெண்டு டீ” என்று வெள்ளைச்சாமி கடைப்பையனைப் பார்த்து அவசரமாகக் கத்தினார். “கிளாசுல போடு.”